புள்ளி வைக்காத கல்

ஊர்ப் பெயரே மெய்யெழுத்தில் தொடங்கியது.
ப்ர்னோ.
எடுத்த எடுப்பில் இரண்டு புள்ளி, உயிர் வருவதற்குள்.
இலக்கணப்படி இப்படி ஒரு சொல் பிறக்கவே கூடாது என்று
விமானத்தில் நாகவேணியிடம் சொன்னேன்.
அவள் தூங்கிவிட்டிருந்தாள்.

ஓசூர் ஆலையிலிருந்து எங்களை அனுப்பியது
பல்சக்கரம் அளக்கும் புது இயந்திரம் பழக.
மூன்று வாரம்.
ஞாயிற்றுக்கிழமை அளக்க ஒன்றுமில்லை,
அதனால் அருங்காட்சியகங்கள்.

ஓவியக்கூடத்தில் வெள்ளைத் துணிமேல் வெள்ளை வட்டம்.
அதன் முன்னால் ஆட்கள் மூச்சடக்கி நின்றார்கள்.
நாகவேணி ஒரு கண்ணை மூடிப் பார்த்து
"மேல சப்பையா இருக்குடி, நம்மகிட்ட வந்தா ரிஜெக்ட்" என்றாள்.

கடைசி ஞாயிறு ஓர் எழுத்தாளர் வீடு.
அவர் பெயர் என் வாயில் நிற்கவே இல்லை.
வாசலில் கம்பளிச் செருப்பு கொடுத்தார்கள்.
நாங்கள் ஷூவைக் கழற்றக் குனிய,
காவல்காரப் பெண் பதறிக் கையாட்டினாள்:
கழற்ற வேண்டாம், மேலேயே மாட்டு.
செருப்புக்குச் செருப்பு.
நடக்க நடக்கத் தரை தானாகத் துடைபட்டது.

ஆளைவிடக் குட்டையான கட்டில்.
ஒரு காது ஒடிந்த மூக்குக்கண்ணாடி.
சுவர் நிறைய அவர் எழுதிய நாவல்கள்,
எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது.
ஆனால் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு.
போனைக் காட்டினோம், அது தமிழில் சொன்னது:
நிலக்கரிக் கடைக்காரருக்கு.
இரண்டு மூட்டை மட்டும் அனுப்புங்கள்,
பணம் அடுத்த மாதம்.

அத்தனை நாவலையும் விட்டு
அந்தச் சீட்டைத்தான் நான் படித்திருக்கிறேன்.

*

கிருஷ்ணகிரி. ஜூன்.
மாங்காய் லாரி போன தெருவெல்லாம் புளித்த வாசம்.
வெள்ளிக்கிழமை வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பி
மறுபடி ஞாயிறு வந்தேன்.
திம்மராயன் டிக்கெட் புத்தகத்தைத் தட்டித் தூசு உதறினார்.
"எந்த ஊரும்மா?"
"பழையபேட்டை."
அவர் சிரிக்கவில்லை. ஐந்து ரூபாய்க்குக் கிழித்தார்.
நடந்தே வந்துவிடலாம்.
நாற்பத்தொரு வருஷம் ஆகியிருக்கிறது.

உள்ளே நுழையும்போது என் கால்
கம்பளிச் செருப்பைத் தேடியது.

நான் போகப் போக விளக்குப் போட்டு
நான் நகர நகரப் பின்னால் அணைத்துக்கொண்டே வந்தார்.
கரண்ட் பில்.
ஒரு ட்யூப்லைட் மட்டும் யோசித்து யோசித்து எரிந்தது,
அதன் கீழே அந்தக் கல்.

ஒரு கையில் வில், ஒரு கையில் குறுவாள்,
மார்பில் இரண்டு அம்பு,
காலடியில் ஒரு கிண்டி.
தலைக்கு மேல் எழுத்து, மழைத்தண்ணீர் ஓடிய வழிபோல.
பெயர் இருந்த இடம் பெயர்ந்துபோயிருந்தது.
மிச்சத்தை அவர் விரலால், தொடாமல், காட்டினார்:
தொறு மீட்டு
படடான

"இதுல புள்ளி கெடையாதும்மா.
அப்போ கல்லுல புள்ளி வெக்க மாட்டாங்க.
படிக்கிறவங்கதான் பாத்து வெச்சிக்கணும்."

பார்த்து வைத்தேன்.
பட்டான்.
மாட்டை மீட்டவன், பட்டான்.
அங்கே குளிரில் இரண்டு மூட்டை கேட்டவனும்
பட்டான், கடன்.
ஒரே வினை. அவனுக்கு முன்னால் ஒரு சொல் உண்டு,
இவனுக்கு அதுவும் இல்லை.
கல்லை அளக்க வேண்டும் போலிருந்தது.
கையில் ஸ்கேல் இல்லை.
இருந்தாலும் எதிலிருந்து எதுவரை?

வாசலில் வருகைப் பதிவேடு.
எனக்கு முந்திய கையெழுத்து பதினொரு நாள் பழசு.
ப்ர்னோவிலும் கேட்டார்கள், தமிழில்தான் எழுதினேன்.
அந்தப் பெண் என் புள்ளிகளை நகத்தால் எண்ணி
இது தூசியா எழுத்தா என்பதுபோல் பார்த்தாள்.

இங்கே எழுதினேன்:
கெமபமமாள.

திம்மராயன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.
கல்லிருந்த இருட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பினார்.
என் கையிலிருந்து பேனாவை வாங்கி
அவசரமில்லாமல்
ஒவ்வொன்றாக வைத்தார்.